ஐந்தாவது கால்

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை பானுமதிக்கு ஒரு நாள் வேலை இல்லாமல் போகும். பழைய ஒப்பந்தம் முந்தின நாளோடு முடிந்திருக்கும். புது ஒப்பந்தத்தில் மறுநாள்தான் கையெழுத்து. நடுவில் இருக்கும் அந்த ஒரு நாள் அவள் அலுவலகத்துக்குள் நுழையக் கூடாது என்பது விதி. ஒரு தடவை அது மறந்துபோய், பாம்பூஃப்ளாட்டில் ஏழரை மணி ஃபெர்ரியைப் பிடித்து, சாத்தமில் இறங்கி, பஸ் ஏறி, கேட் வரைக்கும் வந்துவிட்டாள். செக்யூரிட்டி சிரித்தபடி, "மேடம், ஆஜ் ஆப் நஹீ ஹை" என்றான். இன்றைக்கு நீங்கள் கிடையாது என்று அர்த்தம். அவளும் சிரித்துவிட்டு அடுத்த ஃபெர்ரியில் வீட்டுக்குத் திரும்பினாள்.

இருபத்தாறு வயதில் சேர்ந்த வேலை. அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து ரோடு போடும் கூலியாக அந்தமானுக்கு வந்தவர். பானுமதி பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் பாம்பூஃப்ளாட்டில்தான். போர்ட் பிளேயர் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். கடல் உயிர்களைக் கண்காணிக்கும் ஓர் ஆய்வு அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஆள் தேவை என்று சொன்னார்கள். போனாள். பதினாறு வருடம் ஆகிவிட்டது.

வேலை எண்ணுவது. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு படகு துறைமுகத்தின் வாய் வரைக்கும் போய், மெல்லிய வலை ஒன்றைத் தண்ணீரில் இழுத்து வரும். வலையின் அடிக்குப்பியில் சேர்வதை ஃபார்மலின் ஊற்றி பாட்டிலில் அடைத்து, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே போட்டு அவளிடம் கொடுப்பார்கள். வெறும் கண்ணுக்குக் கலங்கின கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால் அத்தனையும் உயிர்கள். ரவையைவிடச் சிறியவை, இறால் இனத்தைச் சேர்ந்தவை. மீன் குஞ்சுகள் இவற்றைத் தின்றுதான் மீனாகின்றன. எந்த இனம் எத்தனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணிக் கட்டத்தில் எழுத வேண்டும். அவள் அறையில் இருந்த ஒரே ஜன்னலை ஏசி மெஷின் அடைத்திருந்தது. கடலிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்காமலேயே கடலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

லத்தீன் பெயர்கள் வாயில் நுழையாத ஆரம்ப நாட்களில் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். ஊசிவால், குண்டன், நாமக்காரன். நாமக்காரனுக்கு நெற்றியில் இரண்டு சிவப்புக் கோடு. இந்தத் துறைமுகத்தில் மிக அதிகமாக இருப்பது அதுதான்.

அவள் எழுதும் எண்கள் அவளுடைய அதிகாரி டாக்டர் சிவபிரகாஷின் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து, உலகக் கடல்கள் எல்லாவற்றிலிருந்தும் இப்படி எண்ணிக்கை சேகரிக்கும் ஒரு சர்வதேசத் தரவகத்துக்குப் போகும். எந்தத் துறைமுகத்துக்கு என்ன கட்டுப்பாடு, எந்தக் கரையில் கண்காணிப்பு தேவை என்று அரசாங்கங்கள் முடிவெடுக்கும்போது அந்த எண்களைத்தான் பார்க்கிறார்கள் என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். அவர் நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். ஒவ்வொரு பதினொரு மாதமும் அவளுக்காக மேலே எழுதிக் கேட்டு ஒப்பந்தத்தை வாங்கித் தருபவர் அவர்தான்.

2024 ஜனவரியில் அந்தத் தரவகம் ஒரு சோதனை வைத்தது. இருபத்தைந்து சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். இருபத்தேழு நாட்டு ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியான பெட்டி போயிருந்தது. என்னென்ன என்று பெயர் எழுதி அனுப்ப வேண்டும். பானுமதி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். முடிவு வந்தபோது இருபத்து நான்கு சரி; எல்லோரையும்விட அதிகம். டாக்டர் சமோசா வரவழைத்தார்.

"எம்.எஸ்ஸி., பிஎச்.டி. எல்லாம் பத்தொன்பது, இருபதுதான். நம்ம பானுமதி இருபத்து நாலு" என்று எல்லோரிடமும் சொன்னார்.

தவறிப்போன ஒன்று எது என்று பானுமதி பார்த்தாள். பதினேழாம் எண். அவள் நாமக்காரன் என்று எழுதியிருந்தாள். அது நாமக்காரன் இல்லை, அதன் ஒன்றுவிட்ட சொந்தம், இந்தக் கடலில் இல்லாத இனம் என்று விடைத்தாள் சொன்னது. நிறம், கோடு, நீளம் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பெண்ணின் ஐந்தாவது ஜோடிக் காலில் கடைசிக் கணுவில் நாமக்காரனுக்கு ஒரு முள், இதற்கு இரண்டு.

கையிலிருந்த சமோசாவைத் தட்டில் திரும்ப வைத்தாள். அந்த இரண்டாவது முள்ளை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசாக வளராத குட்டி, வளர்ந்தால் ஒரு முள் உதிர்ந்துவிடும் என்று தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, வருடக்கணக்கில் நாமக்காரன் கட்டத்திலேயே போட்டு வந்திருக்கிறாள்.

எல்லோரும் போன பிறகு, முந்தின மாத பாட்டிலை எடுத்தாள். நூறு நாமக்காரனைப் பிரித்து, ஊசியால் கால்களை விரித்துப் பார்த்தாள். முப்பத்தொன்றுக்கு இரண்டு முள் இருந்தது.

பிப்ரவரியில் மூன்று வாரம் அவள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகவில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து பழைய பாட்டில்களைக் கொண்டுவந்து பின்னோக்கிப் போனாள். 2022இல் நூற்றுக்கு இருபத்தாறு. 2020இல் பதினொன்று. 2019 மார்ச்சில் இரண்டு. அதற்கு முன்னால் துறைமுகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு, தெற்கே கிரேட் நிக்கோபார் தீவில் இருந்த கேம்பல் பே கிளை நிலையத்தின் பாட்டில்களை எடுத்தாள். அங்கே 2018 நவம்பரிலேயே இருந்தது.

அந்த மாதத்துக் கணக்குத் தாளைத் தேடிக் கோப்பைப் பிரித்தாள். தாளின் கடைசிக் கட்டத்தில், பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: 'பதினாலு உருப்படிக்குக் கால் வேறு மாதிரி. புது இனமா? பானுமதி மேடத்திடம் போனில் கேட்டேன். குட்டி என்றார்கள். சேர்த்துவிட்டேன்.'

எழுதியவள் சொர்ணம்மா. கிரேட் நிக்கோபாரில் குடியேறிய பட்டாளத்துக்காரர் ஒருவரின் மகள். கேம்பல் பே நிலையத்தில் தனியாளாக எண்ணிக்கொண்டிருந்தவள். பானுமதியைவிட எட்டு வயது மூத்தவள். ஆனாலும் தலைமை அலுவலகம் என்பதால் மேடம் என்றுதான் கூப்பிடுவாள். பானுமதி அவளை அக்கா என்பாள். அந்த போன் அவளுக்கு நினைவு வந்தது. கையில் வேறு வேலை இருந்த நேரம். "அதெல்லாம் குட்டிக்கா. அதே கட்டத்துல போடுங்க, சலேகா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு வைத்திருந்தாள்.

2021இல் ஓர் அறிக்கை போனது. பத்து வருடமாகத் தீவுகளின் கடலில் புதிதாக எதுவும் வரவில்லை, எல்லா இடத்திலும் ஒரே நிலைதான் என்று எண்கள் காட்டின. அப்படியென்றால் போர்ட் பிளேயர் ஒன்றே போதும் என்று மேலே முடிவெடுத்து, 2022 மார்ச்சோடு கேம்பல் பேயை மூடினார்கள். சொர்ணம்மா பாட்டில்களையும் மைக்ராஸ்கோப்பையும் கப்பலில் திருப்பி அனுப்பினாள். கண் வைத்துப் பார்க்கும் குழல்களைத் தன் வீட்டுத் துண்டில் சுற்றியிருந்தாள். இப்போது ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறாள் என்று கேள்வி. அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

பானுமதி அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கோப்பை இனி யாரும் திறக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஃபெர்ரியில் ஓரமாக நின்றாள். பையிலிருந்து எடுத்துக் கடலில் விட்டால் போதும். பாம்பூஃப்ளாட் வந்து, ஸ்கூட்டர்கள் எல்லாம் இறங்கி, படகுக்காரன் "உதரோ, உதரோ" என்று இறங்கச் சொல்லி விரட்டும் வரைக்கும் நின்றாள். மறுநாள் காலையில் தாளை அதே கோப்பில் திரும்ப வைத்தாள். அதற்கு மறுநாள் டாக்டரின் அறைக்குப் போனாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். மைக்ராஸ்கோப்பில் அவரே பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு முள்தான்" என்றார்.

"ஆமா சார்."

"மூணு பேப்பர் வெளிவந்திருக்கு. டெல்லிக்கு ரிப்போர்ட் போயிருக்கு. உலக டேட்டாபேஸ்ல அஞ்சு வருஷ நம்பர் ஏறியிருக்கு." விரல் விட்டு எண்ணுவது போல நிதானமாகச் சொன்னார். "மார்ச்ல என் ப்ரமோஷன் ரிவ்யூ. அதே மீட்டிங்ல உங்க ரினியூவலும் வருது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"நான் மறைக்கச் சொல்லல. இந்த மாசத்துலேர்ந்து அதுக்குத் தனி கட்டம் போட்டு எழுதுங்க. புதுசா வந்திருக்குன்னு ரிப்போர்ட் பண்ணிடலாம். உலகத்துக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுடும். பழசைக் கிளற வேண்டாம்."

"இந்த மாசம்தான் வந்த மாதிரி ஆயிடுமே சார்."

"ஒரு தேதி தப்பு. அவ்வளவுதானே?"

அவள் எழுந்து வந்தாள். தனிக் கட்டம் போட்டாள். பிப்ரவரியில் எழுதினாள், மார்ச்சில் எழுதினாள். ஒப்பந்தம் வந்தது, கையெழுத்துப் போட்டாள். டாக்டரின் ரிவ்யூவும் நல்லபடியாக முடிந்தது.

வீட்டில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் ஈஸ்வரன் லாரி டிரைவர். வருடத்தில் எட்டு மாதம் பெய்யும் மழையும் ஈரமும் அவன் நெஞ்சுக்கு ஆகாது, மெயின்லேண்டுக்குப் போய்விடுவது நல்லது என்று டாக்டர்கள் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் அகிலா மதுரையில் நர்சிங் படித்தாள். ஈஸ்வரனின் தம்பி அங்கே வீடு பார்த்து வைத்திருந்தான். இந்த ஒப்பந்தத்தோடு போதும் என்று பானுமதியும் ஒப்புக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயதில் அங்கே போய் என்ன வேலை செய்வது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

ஜூனில் அதற்கும் ஒரு வழி திறந்தது. தரவகத்திலிருந்து ஒரு கடிதம். அந்தமான் கடலில் புதிய இனம் பதிவாகியிருப்பது முக்கியமான செய்தி, வாழ்த்துகள், இதைக் கட்டுரையாக வெளியிட வேண்டும், முதன்முதலில் கண்டறிந்தவர் பெயர் முதலில் வரட்டும். டாக்டர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவள் அறைக்கே வந்தார்.

"உங்க பேர் பானுமதி. முதல் பேரு. பதினாறு வருஷத்துல இப்பதான்." அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "மதுரையில என் கூடப் படிச்சவன் டிபார்ட்மெண்ட் ஹெட்டா இருக்கான். லேப்ல நிரந்தரப் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்காம். பேப்பர் வரட்டும், நான் லெட்டர் கொடுக்கறேன்."

அன்று சாயங்காலம் ஈஸ்வரன் மீன் வாங்கி வந்து அவனே சமைத்தான். அகிலா போனில் அம்மாவின் படத்தை ஸ்டேட்டஸ் வைத்தாள். பானுமதி தட்டுகளைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். வாசல் திறந்திருக்கிறது, தாண்டினால் போதும். ஆனால் அதைத் தாண்ட, சொர்ணம்மாவின் பென்சில் எழுத்தை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நாலைந்து நாள் கழித்து கேம்பல் பேக்கு போன் செய்தாள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"யாரு, மேடமா?"

"ஆமாக்கா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். ராத்திரிக்கு எண்பது பேருக்குச் சப்பாத்தி. சீக்கிரம் சொல்லுங்க."

பானுமதி சொன்னாள். குழாய்கள் வந்தது, பதினேழாம் எண், 2018 நவம்பர் பாட்டில், பென்சில் குறிப்பு, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அது குட்டி இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் சொர்ணம்மா. "சிலதுக்கு வயித்துல முட்டை இருந்துச்சு. முட்டை சுமக்கறது எப்படிக் குட்டியாகும்?"

"ஏன்கா அதைச் சொல்லல?"

"சொன்னேன். நீங்க போனை வச்சிட்டீங்க."

பானுமதி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? நான் பரவால்லன்னு சொல்லணுமா?"

"இல்லக்கா."

"நான் சொல்ல மாட்டேன். என் நிலையத்தை மூடினதுக்கு அந்த நம்பர்தானே காரணம்?"

"ஆமா."

"அப்ப நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க. எனக்கு மாவு காயுது."

கட்டுரைக்கு முன்னால் தரவகம் ஒரு படிவம் கேட்டிருந்தது. அது நேராக அவளுடைய ஈமெயிலுக்கே வந்தது. முதலில் காணப்பட்ட தேதி, இடம், கண்டவர், மாதிரி எங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நான்கே கேள்வி. இரண்டு வாரம் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"எழுதிட்டா மதுரை வேலை?"

"கிடைக்காது."

"இங்க இருக்கற வேலை?"

"அதுவும் போகலாம்."

"எழுதலன்னா?"

"ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது."

அவன் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்கு இதுல என்ன சொல்றதுன்னு தெரியல பானு. நீ எழுதாம இருந்தா நல்லா இருக்கும்னுதான் தோணுது. பொய் சொல்ல விரும்பல."

"தெரியுங்க."

"ஆனா மூணு மாசமா நீ ராத்திரி தூங்கல. அதுவும் எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். தேதி: 2018 நவம்பர். இடம்: கேம்பல் பே. கண்டவர்: சொர்ணம்மா. கீழே இருந்த காலியிடத்தில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவர் சொன்னதைத் தவறென்று ஒதுக்கியது நான், ஐந்து வருட எண்கள் என்னால் பிழையாகியிருக்கின்றன, திரும்ப எண்ணியவரை இணைத்திருக்கிறேன் என்று எழுதினாள். கணக்குத் தாளைப் படமெடுத்துச் சேர்த்தாள். டாக்டர் தன்னிடம் சொன்னதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அனுப்பினாள். அனுப்பியபின் மைக்ராஸ்கோப் விளக்கைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். மேஜையில் தரவகத்தின் பதில் இருந்தது.

"என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார்.

"பிப்ரவரியில கேட்டேன் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது. கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். தரவகம் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இப்படித் தாமாகப் பிழையைச் சொல்லும் ஆய்வகங்கள் குறைவு என்று நன்றி சொல்லியிருந்தது. ஐந்து வருட எண்களுக்குப் பக்கத்தில் 'திருத்தத்தில் உள்ளது' என்று குறியிட்டிருந்தது. கட்டுரை இப்போதைக்கு வேண்டாம். முதலில் இரண்டு நிலையங்களிலும் அந்த ஐந்து வருடத்தில் மிஞ்சியிருக்கும் எல்லா பாட்டில்களையும், அதே கண்ணால், ஆரம்பத்திலிருந்து திரும்ப எண்ண வேண்டும்.

"அதே கண்ணாலன்னா, நீங்கதான்" என்றார் டாக்டர். "தொண்ணூத்தாறு பாட்டில். மாசாந்திர வேலையும் பார்த்துக்கிட்டு எண்ணினா மூணு வருஷம் ஆகும். இது முடியற வரைக்கும் உங்க ஒப்பந்தத்தை யாரும் நிறுத்த முடியாது. உங்களாலயும் போக முடியாது."

மதுரை வேலையைப் பற்றி அவர் அதன்பின் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

தொண்ணூற்றாறில் ஏழு காய்ந்துபோயிருந்தன. மீதி எண்பத்தொன்பது. போய்விட்டாலென்ன என்று அவள் யோசிக்காமல் இல்லை. யாரும் கையைக் கட்டிப் போடவில்லை. ஆனால் அவள் போனால் அந்த ஐந்து வருடமும் குறியோடு அப்படியே கிடக்கும். எங்கோ ஒரு மேஜையில் யாரோ, சந்தேகத்துக்குரியது என்று அதைத் தள்ளிவிட்டு முடிவெடுப்பார்கள்.

செப்டம்பரில் ஈஸ்வரன் மட்டும் கப்பல் ஏறினான். மழைக்கு முன்னால் போகச் சொல்லியும் மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தான். படகுத்துறையில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "கேஸ் சிலிண்டரை ராத்திரி மூடு" என்றான். "மூடறேன்" என்றாள்.

கேம்பல் பே நிலையம் திறக்கவில்லை. அடுத்த பரிசீலனையின்போது கவனிக்கப்படும் என்று கோப்பில் எழுதிவைத்தார்கள். தரவகம் வற்புறுத்தியதால், மாதம் ஒரு பாட்டில் எடுத்து அனுப்ப மட்டும் ஓராண்டுக்கு ஓர் ஆளைப் போட அனுமதி வந்தது. சொர்ணம்மா ஹாஸ்டல் வேலையை விடாமல் அதையும் ஏற்றுக்கொண்டாள். மாதத்துக்கு ஒரு தடவை போன் வரும். "பாட்டில் கப்பல்ல ஏத்தியாச்சு. இந்த மாசம் தண்ணி கலங்கல்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். மேடம் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பெயரும் சொல்வதில்லை. ஒரு தடவை மட்டும், வைப்பதற்கு முன்னால், "வீட்டுக்காரரு இன்னும் அங்கதானா, இல்ல மெயின்லேண்டு போயிட்டாரா?" என்று கேட்டாள். போய்விட்டார் என்று பானுமதி சொன்னாள். "ம்" என்றாள் சொர்ணம்மா.

பானுமதி இப்போது ஐம்பத்திரண்டு பாட்டில் முடித்திருக்கிறாள். இடது கண் கொஞ்சம் மங்கல் தட்டுகிறது. வலது கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு பெண்ணையும் மல்லாத்தி, ஐந்தாவது காலை விரித்து, முள்ளைப் பார்த்த பிறகுதான் கட்டத்தில் எழுதுகிறாள். முன்னெல்லாம் ஒரு நாளில் முடித்ததற்கு இப்போது நான்கு நாள் ஆகிறது.

சாயங்கால ஃபெர்ரியில் இருக்கும்போது ஈஸ்வரன் போன் செய்வான். அங்கே மூச்சு சீராகிவிட்டது, மாடி ஏறுகிறேன் என்பான். பிறகு தவறாமல் கேட்பான்.

"இன்னும் எத்தனை?"

"முப்பத்தேழு."

"போன வாரம் முப்பத்தெட்டுன்னே."

"ஆமா. இது பெரிய பாட்டில்."

சரி என்பான். படகு ஆட்டத்தில் சிக்னல் போய்விடும். அவள் போனைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர்களுக்கு நடுவே, இறங்குவதற்காக நிற்பவர்களோடு சேர்ந்து நிற்பாள்.